பேரேட்டில் எழுதாத காரணம்



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று பொறியியல் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு படிக்கிறார்கள். என்ன பாடம் என்று கேட்டால் வாயில் நுழையாத பெயர்களாகச் சொல்கிறார்கள். நாமும் ‘நல்லாப் படி’ என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் அந்தப் படிப்பில் ஒரு பகுதி நம் கடைக்கென்றே எழுதியது போல் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் வைத்த ‘செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும்’ என்ற பாடத்தின் இரண்டாம் அலகு, எதுவும் நிச்சயமில்லாதபோது எப்படி முடிவெடுப்பது என்பதைச் சொல்லித் தருகிறது. எல்லாம் தெரிந்துகொண்டு கொள்முதல் செய்ய எந்த வியாபாரிக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

இதன் அடிப்படை புதிதல்ல. இங்கிலாந்தில் தாமஸ் பேயஸ் என்ற பாதிரியார் எழுதி வைத்த கட்டுரை, அவர் மறைந்த பின் 1763இல் வெளியானது. முன்பே தெரிந்ததை ஒரு தட்டிலும் புதிதாகத் தெரிந்ததை மறு தட்டிலும் வைத்து நிறுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

கல்லாவிலிருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம். ஆயிரம் நோட்டில் ஒன்று கள்ள நோட்டு என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் உள்ள இயந்திரம் கள்ள நோட்டைத் தவறாமல் பிடிக்கும். ஆனால் நல்ல நோட்டிலும் நூற்றுக்கு ஒன்றைத் தவறாகக் காட்டிவிடும். இயந்திரம் ‘பீப்’ என்றால் அந்த நோட்டு கள்ள நோட்டுதானா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல நோட்டு 999இல் சுமார் 10 நோட்டுக்குச் சத்தம் வரும். கள்ள நோட்டு ஒன்றுக்கும் வரும். ஆக, 11 முறை சத்தம் வந்தால் ஒரு முறைதான் அது உண்மை. சத்தம் கேட்டவுடன் நாலு பேர் முன்னால் வாடிக்கையாளரைக் குற்றவாளி போல் பார்ப்பது முறையல்ல. நோட்டை வெளிச்சத்தில் பிடித்து, இழையையும் நீர்க்குறியையும் பார்த்த பிறகே பேச வேண்டும்.

இதைவிட நமக்கு முக்கியமானது கடன் விஷயம். விஸ்வநத்தம் போன்ற ஊரில் மளிகை வியாபாரம் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களின் வாரக் கூலியை நம்பி நடக்கிறது. ஒரு குடும்பம் மூன்று வாரமாகப் பாக்கி தரவில்லை. ஏமாற்றுகிறார்களா? விசாரித்தால், தொடர்ந்து பெய்த மழையில் மருந்து காயாமல் ஆலையில் வேலையே இல்லை என்று தெரிகிறது. பாக்கி அப்படியேதான் நிற்கிறது. ஆனால் சந்தேகம் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. ஒரு காரணம் தெளிவானால் மற்றொரு காரணத்தின் மீதுள்ள சந்தேகம் குறையும் என்ற இதே விதியை, காரணங்களை அம்புக்குறிகளால் இணைத்து வரைந்து, கம்ப்யூட்டர் கணக்கிடும்படி செய்தவர்களில் முதன்மையானவர் ஜூடியா பேர்ல். அவருடைய நூல் 1988இல் வந்தது. 2011ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

‘இதற்குப் படிப்பு எதற்கு, அனுபவம் போதாதா?’ என்று சில அன்பர்கள் கேட்பார்கள். அனுபவம் பெரிதுதான். ஆனால் ஏமாற்றிய ஒருவர் பத்து வருடம் நம் நினைவில் நிற்பார். ஒழுங்காகக் கொடுத்த நூறு பேர் நிற்க மாட்டார்கள். பேரேடு இரு சாராரையும் ஒன்றாகவே நினைவில் வைத்திருக்கும்.

அந்தப் பேரேட்டிலும் ஒரு குறை உண்டு. தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது. பாக்கி ஏன் தாமதமானது என்பது இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்துப் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தக் காலத்துப் பாக்கிகளை இன்று ஒரு கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், ஊரே நாணயம் கெட்டது என்றுதான் அது சொல்லும். அதன் மீது குற்றமில்லை. காரணத்தை நாம் எழுதவில்லை. நமக்குக் கடன் தரும் நிறுவனங்களும் நம்மை இப்படித்தான் மதிப்பெண் போட்டுப் பார்க்கின்றன என்பதை மறந்துவிடலாகாது.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் முடிவு நம்முடையதே. விற்கும் வாய்ப்பு எழுபது சதவீதம் என்றால், துவரம்பருப்பைத் துணிந்து வாங்கலாம். மிஞ்சினால் அடுத்த மாதம் விற்கும். தக்காளியை அப்படி வாங்க முடியுமா? வாய்ப்பு ஒன்றாக இருந்தாலும் நஷ்டம் வேறு. நஷ்டம் யாருடையதோ, முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு காரியங்களை வலியுறுத்துகிறோம். கடன் நோட்டில் இன்றே ‘காரணம்’ என்று ஒரு பத்தி சேருங்கள்: மழை, ஆலை விடுமுறை, மருத்துவச் செலவு என்று ஒரே வார்த்தை போதும். அடுத்து, நம் சங்கங்கள் பக்கத்துக் கல்லூரிகளை அணுகி, ஆள் பெயரை நீக்கிய பழைய கணக்குகளை மாணவர்களின் செய்முறைப் பயிற்சிக்குக் கொடுக்கட்டும். பிள்ளைகளுக்கு உயிருள்ள பாடம் கிடைக்கும். நமக்கோ, யாருக்குக் கடனை நிறுத்துவது, யாருக்கு இன்னும் இரண்டு வாரம் பொறுப்பது என்ற தெளிவு கிடைக்கும்.