நீர்த்தெள்ளு: ஒரு பெயரால் நேர்ந்த பிழை

விஞ்ஞானத்தைத் தமிழாக்குவோர் இழைக்கும் பிழை அச்சுத்தாளோடு நின்றுவிடுவதில்லை; வகுப்பறைக்கும் குளக்கரைக்கும் சென்று சேர்கிறது. இதற்கு என் பிழையையே சான்றாகக் கூற விரும்புகிறேன்.

டாஃப்னியா என்னும் சிற்றுயிருக்கு ஆங்கிலத்தில் 'நீர்த்தெள்ளு' எனப் பொருள்படும் பெயர் வழங்குகிறது. பழைய மருத்துவ நூல்கள் சில, சைக்ளாப்ஸ் என்னும் வேறோர் உயிரையும் அப்பெயராலேயே குறித்தன. நானும் ஆராயாது இரண்டையும் 'நீர்த்தெள்ளு' என்றே எழுதிவிட்டேன். சில நாட்களில் ஆசிரியர் ஒருவர் கடிதம் எழுதினார்: "பள்ளித் தொட்டியில் நீர்த்தெள்ளு மிகுந்துள்ளது. நரம்புச்சிலந்தி நோய் பரவுமோ? பூச்சிமருந்து தெளிக்கலாமா?"

அவருடைய அச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. நரம்புச்சிலந்தியின் இளம்புழு சைக்ளாப்ஸின் உடலில் வளர்வதை ருஷ்ய அறிஞர் பெட்சென்கோ 1870-இல் கண்டறிந்தார். அந்நீரைப் பருகுவோரையே நோய் பற்றும். குடிநீரைத் துணியால் வடிகட்டச் செய்தும், படிக்கிணறுகளைத் திருத்தியும், மருந்திட்டும் நம் நாட்டினர் அதனை ஒழித்தனர். கடைசி நோயாளி 1996-இல் இராஜஸ்தானத்தில் காணப்பட்டார்; 2000-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது.

டாஃப்னியாவோ இப்பழிக்கு உரியதன்று. அது தெள்ளுமன்று, பூச்சியுமன்று. இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. எவரையும் கடிப்பதில்லை. துள்ளித் துள்ளி நீந்துவதால் வந்த பெயர் அது. நீரிலுள்ள நுண்பாசியை வடித்து உண்டு, மீன்குஞ்சுகளுக்குத் தானே இரையாகிறது. குளம் வற்றினால் அதன் உறைமுட்டைகள் சேற்றில் கிடந்து, நீர் வந்ததும் பொரிக்கின்றன. நஞ்சு சிறிது கலந்தாலும் மடிவதால், நீரின் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஆய்வுக்கூடங்களில் இதனையே வளர்க்கின்றனர். இத்தகைய உயிரைப் பெயருக்காகக் கொல்வது அறிவுடைமை ஆகாது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. கண் இரண்டிற்கும் ஒன்றே. ஆகையால் கண்ணைக் கொண்டு முடிவு செய்யலாகாது. முட்டையைப் பார்க்க வேண்டும். பெண் சைக்ளாப்ஸ் வாலருகே இருபுறமும் முட்டைப்பைகளை வெளியே தாங்கிச் செல்லும். டாஃப்னியா தன் ஓட்டினுள், முதுகுப் புறத்தே முட்டைகளை வைத்திருக்கும். ஒரு கண்ணாடிக் குவளை நீரும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் மாணவரே இதனைக் காண்பர்.

எல்லாச் சொல்லையும் தமிழாக்கியே தீர வேண்டும் என்பார் கருத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், ஒரு பெயர் இரண்டு உயிர்களைக் குழப்புமாயின், டாஃப்னியா, சைக்ளாப்ஸ் என்றே எழுதுவது நலம். ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மருந்தை எடுக்குமுன் பூதக்கண்ணாடியை எடுப்பார்களாக. நான் அகராதியை மட்டும் பார்த்தேன், குளத்தைப் பார்க்கவில்லை.