பொழுது சாயாத ஊரில் நோன்பு

விரதம் என்ற சொல்லுக்கு நம்மவர் அகராதியில் தனிப்பொருள் உண்டு. வெள்ளிக்கிழமை விரதமென்றால் சோறும் பருப்பும் மூன்று கறியும் வடையும் பாயசமும் என்பதை வாசகர்கள் அறிவர். கந்தசஷ்டியின் ஆறு நாட்களையும் பாலும் பழமுமாய்க் கழிப்போர் சிலரே. ஆதலால், பகலெல்லாம் துளி நீரும் அருந்தாது ஒரு மாதம் நோன்பிருக்கும் முஸ்லிம் இளைஞர்களைக் காணும்போது நமக்கு வியப்பும் சிறிது வெட்கமும் உண்டாகின்றன.

நோன்பு மாதம் பிறையைப் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி நகரும். 1999 மார்கழியில் டென்மார்க்கில் பிற்பகல் 4 மணிக்கு முன்னரே பொழுதுபட்டது. பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் புத்தகப்பையை வைத்துவிட்டு நோன்பு திறந்தனர். 2015 ஆனியிலோ நிலைமை வேறு. கோடைக்காலத்து டேனிஷ் சூரியன், வீடு திரும்ப மனமில்லாத விருந்தாளி. இரவு 10 மணியளவிலேயே விடைபெறும். சில மணி நேரத்தில் மீண்டும் வாசலில் நிற்கும்.

இத்தகைய நாடுகளில் மக்காவின் நேரத்தைப் பின்பற்றலாமென மார்க்க அறிஞர் சிலரும், கூடாதெனச் சிலரும் கூறினர். நம் அயல்வீட்டுச் சோமாலிய இளைஞரோ இரு தரப்பாரையும் மதித்தார்: பரீட்சை நாட்களில் முதற் கருத்து, தாயார் பார்த்திருக்கும் நாட்களில் இரண்டாவது. ஏனைய நாட்களில் பசியைத் தூக்கத்தால் ஏமாற்றுவார். மாலையானதும் பேரீச்சம்பழமொன்றைக் கையிற் பிடித்தவாறு மாடிமுகப்பில் நின்று சூரியனை முறைப்பார். நோன்பைவிடக் கடினமானது, வகுப்புத் தோழர்களின் “தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா?” என்ற கேள்விக்கு நாள்தோறும் விடையளிப்பதே என்பது அவர் முறைப்பாடு.

2018 மே மாதத்தில் அந்நாள் ஒருங்கிணைப்பு அமைச்சர் இங்கர் ஸ்டொய்பெர்க், பேருந்து ஓட்டுநர் போன்றோர் நோன்பிருப்பது ஆபத்தானது, விடுமுறை எடுக்கலாமே என எழுதினார். பேருந்து நிறுவனமொன்றோ நோன்பினால் தமது பேருந்துகளுக்கு விபத்தேதும் நேர்ந்ததில்லை எனப் பதிலளித்தது. வகுப்பில் கொட்டாவி விடுவோரை ஆண்டு முழுவதும் கண்ட ஆசிரியர் என்ற வகையில் நாம் ஒன்று கூறுவோம்: அவர்களுள் ஒருவராவது நோன்பாளியாய் இருந்ததில்லை.

நிற்க. ஒருநாள் இரவு 10 மணி கடந்தபின் அவ்விளைஞர் சம்புசாத் தட்டொன்றுடன் நம் கதவைத் தட்டினார். முதல் வாய் அவர் வாய்க்கு எட்டுமுன்னரே நமக்கு ஒரு பங்கு வந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் நோன்பு காலத்தில் சோனகதெருவிலிருந்து நம் வீட்டுக்குக் கஞ்சி வரும். பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பியனுப்ப அம்மா ஒருபோதும் சம்மதித்ததில்லை. 1990 ஐப்பசியில் விடுதலைப் புலிகள் அம்மக்களைச் சில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றினர். நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். ஒரு கஞ்சிப் பாத்திரம் நம் அடுக்களையிலேயே தங்கிவிட்டது. பின்னர் நாமும் அகதியானோம்.

சம்புசாத் தட்டை மறுநாள் உளுந்துவடை நிரப்பித் திருப்பிக் கொடுத்தோம், பொழுதுபட்ட பின்னர்தான். பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் வகுப்பிலும் நோன்பாளிகள் இருப்பர். “தண்ணீர்கூடவா?” என்று கேட்க அங்கே பலருளர். அந்தப் பாத்திரத்தின் கதையைச் சொல்ல நம்மையன்றி வேறு யாருமில்லை.