மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தலாமா?

வின்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. வின்டோஸ் 11க்குத் தகுதிபெறாத பழைய மடிக்கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று பல வகைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் புதிதாக வருபவர்களைச் சில சின்னச் சிக்கல்கள் சோதிக்கும். அவற்றுள் ஒன்று ஒலி அமைப்பு. ஒலியளவைச் சரிசெய்து, ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கணினியை அணைப்பீர்கள். மறுநாள் திறந்தால் எல்லாம் பழையபடி இருக்கும். நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் நிறுவு" என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு என்பது என் கருத்து. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதைப் போன்றது அது.

காரணத்தைத் தேட வேண்டுமென்றால், கணினி எதை எங்கே நினைவில் வைக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். திரையில் நீங்கள் நகர்த்தும் ஒலியளவுப் பட்டை வெறும் தூதுவன்தான். அதற்குக் கீழே ஒலிச் சேவையகம் இருக்கிறது. முன்பு பெரும்பாலும் பல்ஸ்ஆடியோ அந்த வேலையைச் செய்தது. ஃபெடோரா 2021இலும் உபுண்டு 2022இலும் பைப்வயருக்கு மாறின. பைப்வயருக்குத் துணையாக இயங்கும் வயர்பிளம்பர், எந்தக் கருவிக்கு எவ்வளவு ஒலி என்பதைக் குறித்துவைக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில், கெர்னலின் பகுதியான ஆல்சா ஒலிச் சில்லுடன் நேரடியாகப் பேசுகிறது.

ஆக, கணினியிடம் இரண்டு குறிப்பேடுகள் உள்ளன. வயர்பிளம்பரின் குறிப்பேடு உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கிறது; அது உங்களுக்கு மட்டுமே உரியது. ஆல்சாவின் குறிப்பேடு கணினி முழுமைக்கும் பொது. வழக்கமாகக் கணினி அணையும்போது அது எழுதப்படுகிறது. மீண்டும் இயங்கும்போது வாசிக்கப்படுகிறது. அமைப்பு நிலைக்கவில்லை என்றால், ஏதோ ஒரு குறிப்பேட்டில் எழுத முடியவில்லை, அல்லது எழுதியதைப் பிறகு வேறொன்று மாற்றிவிடுகிறது.

இனி, அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதையே இங்கும் செய்யலாம். ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் அது. அதே கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் ஒலியளவை மாற்றிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். கணினி வீட்டாருடையது என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். புதிய கணக்கில் அமைப்பு நிலைத்தால், சில்லும் கெர்னலும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு உங்கள் வீட்டுக் கோப்புறையில்தான். அங்கும் மறந்துபோனால், பொதுவான காரணத்தைத் தேடுங்கள். வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம். நிறுவாமல் யுஎஸ்பி விரலியிலிருந்து நேரடியாக இயக்கும் லினக்ஸ், தனி ஏற்பாடு செய்யாதவரை, எதையும் சேமிப்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: எச்டிஎம்ஐ திரையைச் செருகினால் கணினி ஒலியை அங்கே அனுப்பத் தொடங்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் ஒலியளவு தனித்தனியாகச் சேமிக்கப்படுவதால், அமைப்பு அழிந்ததுபோல் தோன்றும். உண்மையில் அழிந்திருக்காது.

கோளாறு வீட்டுக் கோப்புறையில் என்றால், முதலில் பார்க்க வேண்டியது உரிமையை. கோப்பு மேலாளரில் கன்ட்ரோல், எச் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் மறைந்தவை தெரியும். புள்ளியில் தொடங்கும் 'லோக்கல்' கோப்புறைக்குள் 'ஸ்டேட்', அதற்குள் 'வயர்பிளம்பர்' இருக்கும். அதன் உரிமையாளர் நீங்களா, 'ரூட்' எனப்படும் நிர்வாகியா? ரூட் என்றிருந்தால் விடை கிடைத்துவிட்டது. எப்போதோ ஒரு நிரலைத் தேவையில்லாமல் 'சூடோ' போட்டு நிர்வாகி அதிகாரத்தில் இயக்கியிருக்கிறார்கள். அது உருவாக்கிய கோப்பில் எழுத இப்போது உங்களுக்கு அனுமதி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட சிக்கலுக்கு மருந்தென்று இணையத்தில் எங்கோ பார்த்த சூடோ கட்டளைகளையே பலர் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பார்க்கிறார்கள். நோயைத் தந்ததையே மருந்தாகக் குடிப்பது போலாகிவிடும். மறுபடி நிறுவுவதும் உதவும் என்று சொல்ல முடியாது. வீட்டுக் கோப்புறையை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவினால், கெட்ட கோப்பும் கூடவே வந்துவிடும். அதையும் அழித்துவிட்டு நிறுவினால் ஒலி சரியாகலாம். ஆனால் நகலெடுத்து வைக்காத படங்களும் பள்ளிப் பாடங்களும் போய்விடும். இரண்டிலுமே காரணம் தெரியப்போவதில்லை.

அதைவிட எளிய வழி இருக்கிறது. 'வயர்பிளம்பர்' கோப்புறையை அழிக்காமல், பெயரை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலும் இதற்கு நிர்வாகி அதிகாரமே வேண்டியிருக்காது. பிறகு கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால், உங்கள் பெயரில் புதிய கோப்புறை உருவாகும். ஊகம் தவறு என்று தெரிந்தால், பழைய பெயரைத் திருப்பி வைத்துவிடலாம். எதைச் செய்தாலும் திரும்பி வர ஒரு வழி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

"சேமிக்க முடியவில்லை என்று கணினியே சொல்ல வேண்டாமா? இதையெல்லாம் நான் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளே நடக்கும் தவறைப் பதிவேட்டில் மட்டும் எழுதிவைத்துவிட்டு, பயனரிடம் வாய் திறக்காத மென்பொருள் நல்ல வடிவமைப்பு அன்று. ஆனால் லினக்ஸ் திறந்த மூல மென்பொருள். குறையைத் தெளிவாக எழுதி அதை உருவாக்குவோருக்கு அனுப்ப, உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் உரிமை உண்டு. "ஒலி வேலை செய்யவில்லை" என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது. "கோப்பின் உரிமையாளர் ரூட்டாக இருந்தால், அமைப்பு சேமிக்கப்படுவதில்லை; எச்சரிக்கையும் வருவதில்லை" என்று எழுதினால் அதைத் திருத்த முடியும்.

தேர்வு நெருக்கத்தில் இதற்கு ஏது நேரம் என்பீர்கள். மறுபடி நிறுவ அரை நாள் போகும். மேலே சொன்ன சோதனைக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் கற்றுக்கொள்வது, நாளை அச்சுப்பொறி அடம்பிடித்தாலும் அருகலை அறுந்தாலும் கைகொடுக்கும். அடுத்த முறை கணினி ஏதாவதொன்றை மறந்தால், அது எங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும், அங்கே எழுத யாருக்கு உரிமை என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள்.