தண்ணீருக்கு அடி, ஏலத்துக்கு எடை, ஆளுக்கு?

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலையை மூன்று விஷயங்கள் ஓயாமல் கடந்துகொண்டிருக்கின்றன. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் கேரளத்திலிருந்து கீழே இறங்குகிறது. ஏலக்காய் மூட்டைகளும் இறங்கிப் போடிக்கு வருகின்றன. எதிர்த்திசையில் விடியும் முன்னே மலையேறிப் பொழுது சாய்கையில் திரும்பி வருகிறவர்கள் மனிதர்கள். அவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

தண்ணீருக்கு 1886ஆம் ஆண்டு எழுதப்பட்ட 999 ஆண்டுக் குத்தகை இருக்கிறது. 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட அணை இருக்கிறது. 2006இலும் 2014இலும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் இருக்கின்றன. 142 அடி என்ற எண் எங்கள் ஊர்ப் பள்ளிப்பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஏலக்காய்க்கு மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் நறுமணப் பொருள் வாரியம் இருக்கிறது. புத்தடியிலும் போடியிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. எத்தனை கிலோ வந்தது, என்ன விலைக்குப் போனது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை நாளிதழ்கள் கொண்டாடி எழுதின.

அந்தக் காயை எடுத்த கைகள் எத்தனை? இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய மத்தியத் தொழிலாளர் மற்றும் வேலைவாய்ப்பு அமைச்சகம் இதைக் கேட்கத் தவறியிருக்கிறது என்பதே என் குற்றச்சாட்டு. மாநில அரசுகளைத் திட்டுவது நமக்குப் பழகிப்போன சுகம். இங்கே முதல் குற்றவாளி தில்லியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் தேவாரத்திலும் அதிகாலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, சேலைக்குமேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. தாங்கக்கூடியதற்குமேல் ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏறுகின்றன. வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை என்று பிரிந்துபோகின்றன. ஏலச்செடி காய்ப்பது அடித்தூரில். தரையோடு படர்ந்த சரங்களிலிருந்து முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்கவேண்டும். நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோதான் வேலை. மழை, அட்டை, பூச்சிமருந்து வாடை. சாயங்காலம் அதே ஜீப், அதே வளைவுகள். வீட்டுக்கு வந்தபின் உலை வைக்கவேண்டும். ஜீப் ஓட்டுபவரே பல நேரங்களில் ஆள் பிடிப்பவராகவும் இருக்கிறார். இன்றைக்கு ஒரு தோட்டம், அடுத்த வாரம் இன்னொன்று. முதலாளியின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு பருவம் முழுக்க உழைத்துவிட முடியும்.

தொழிலாளர் நலன் மாநிலங்கள் பார்த்துக்கொள்ளவேண்டிய விஷயம், இதில் தில்லியை ஏன் இழுக்கிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். படித்தவர்கள் பலரும் நம்புகிற வாதம் இது. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் போதும். தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மாநிலங்களுக்கிடையேயான இடப்பெயர்வு மத்தியப் பட்டியலில், 81ஆவது இனமாக இருக்கிறது. அதே வரியில், அதே மூச்சில், மாநிலங்களுக்கிடையேயான நோய்த்தடுப்பு ஒதுக்கலும் இருக்கிறது. 2020இல் கொள்ளைநோய் வந்தபோது ஒரே இரவில் நாட்டையே பூட்டிய மத்திய அரசுக்கு அந்த வரியின் பிற்பாதி நன்றாகவே தெரிந்திருந்தது. முற்பாதிதான் நினைவுக்கு வரவில்லை. எல்லை அடைபட்டது, ஏலக்காட்டுக் கூலியை நம்பி அரிசி வாங்கிய வீடுகள் கீழே கைகட்டி நின்றன.

அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று, ஊரடங்கின்போது ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அப்படியொரு தரவு இல்லை என்று இதே அமைச்சகம் எழுத்துமூலம் பதில் சொன்னது. எட்டு நாள் கழித்து, எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்திருந்த அவையில், மூன்று தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நிறைவேறின. மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்றியது. யாருக்காகச் சட்டம் செய்கிறோமோ அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரியாமலே சட்டம் செய்ய முடிந்திருக்கிறது.

பழைய சட்டம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் போகிறவர்களுக்கு மட்டுமானது. ஆனால் ஐந்து பேர் இருந்தாலே அது பொருந்தும். இடப்பெயர்வுப் படி என்று மாதக்கூலியில் பாதி, அல்லது 75 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைக் கொடுக்கவேண்டும் என்றது. ஒவ்வொரு தொழிலாளியிடமும் புகைப்படம் ஒட்டிய கையேடு இருக்கவேண்டும் என்றது. நாற்பதாண்டுகளில் எங்கள் ஊரில் ஜீப் ஏறும் ஒரு பெண்ணின் கையிலும் அந்தக் கையேட்டை நான் பார்த்ததில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு, தானாகவே வேலை தேடி வருபவரையும் புலம்பெயர் தொழிலாளர் என்று ஏற்றுக்கொண்டது. நல்ல விஷயம். கூடவே ஐந்து என்ற வரம்பைப் பத்தாக்கியது. இடப்பெயர்வுப் படி மறைந்துபோயிற்று. ஏலம் பெரும்பாலும் சிறு தோட்டப் பயிர் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தப் பத்து என்ற எண்ணின் பொருள் புரியும். ஒரு கையால் வாசலைத் திறந்து இன்னொரு கையால் நிலைப்படியை உயர்த்துவது இதுதான்.

இரண்டாவது வாதம் இன்னும் நுட்பமானது. தினமும் வீடு திரும்புகிறவர்களைப் புலம்பெயர்ந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் கண்டித்து உத்தரவிட்ட பிறகு, ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது ஈ-ஷ்ரம் பதிவேடு. 30 கோடிப் பேருக்குமேல் அதில் பதிந்திருக்கிறார்கள். நிரந்தர முகவரி என்ன, இப்போதைய முகவரி என்ன என்று அது கேட்கிறது. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் வேர்வை சிந்தும் இடம் அவள் முகவரியில் இல்லை. கேரளம் 2010இலேயே புலம்பெயர்ந்தவர்களுக்கென நலத்திட்டம் கொண்டுவந்தது. அதன் பார்வை அங்கே தங்கியிருப்பவர்கள்மேல். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நலவாரியங்கள் இருக்கின்றன. அவற்றின் அதிகாரம் மலையடிவாரத்தோடு முடிந்துவிடும். பகலில் கேரளத்தவளாகவும் இரவில் தமிழ்நாட்டவளாகவும் இருப்பவளை இரண்டு மாநிலங்களும் பாதிப் பாதியாகப் பார்க்கின்றன. முழுதாகப் பார்க்கக்கூடிய ஒரே கண் மத்திய அரசினுடையது. 81ஆவது இனத்தின் நியாயமே அதுதான்.

பாதி ஆளாக இருப்பதன் விலை என்ன என்பதை 2011 டிசம்பரில் கண்டோம். பெரியாறு அணைச் சண்டை முற்றியபோது இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் மிரட்டப்பட்டுக் காட்டுப்பாதைகளில் இறங்கி ஓடிவந்தார்கள். தண்ணீருக்காக நடந்த சண்டையில் அடி வாங்கியது கூலிக்குப் போனவர்கள். தண்ணீருக்கு இரு பக்கமும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். இவர்களுக்காக ஆஜராக ஒருவரும் இல்லை.

என்ன செய்யவேண்டும் என்று கேட்பவர்களுக்கு: இந்த மூன்று மலைச்சாலைகளிலும் காவல்துறையும் வனத்துறையும் ஏற்கெனவே வண்டிகளை நிறுத்துகின்றன. தொழிலாளர் அமைச்சகம் அங்கே ஒரு மேசை போடட்டும். யார் ஏறுகிறார், யாருடைய தோட்டத்துக்கு, யார் அழைத்துப்போகிறார் என்று எழுதட்டும். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை வேலையில் நேர்ந்ததாகவே கருதச் சொல்கிறது. எல்லோருக்கும் பணிநியமனக் கடிதம் தரவேண்டும் என்றும் புதிய விதிகள் சொல்கின்றன. ஜீப் கவிழ்ந்தால் இழப்பீடு கேட்க முதலாளி யாரென்று தெரியவேண்டாமா? அந்த ஒரு வரி எழுத்தில் இருந்தால்தான் மற்றச் சட்டமெல்லாம் உயிர்பெறும். சரக்கு தடையின்றிப் போகவேண்டும் என்று 2017இல் வணிகவரிச் சோதனைச்சாவடிகளை எடுக்க முடிந்த நாட்டில், மனிதர்களுக்காக ஒரு மேசை போட முடியாதா?

இலக்கியம் பேசும் இடத்தில் சட்டப்பிரிவுகள் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். டேனியலின் 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தபோது நாம் கண்கலங்கினோம். கங்காணி என்ற சொல் பழைய கொடுமையின் பெயராக நம் மனத்தில் தங்கிவிட்டது. 2018இல் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' எங்கள் மலையையே திரைக்குக் கொண்டுவந்தது, அப்போதும் பாராட்டினோம். கடந்தகாலத்துத் துயரத்துக்கு அழுவதில் நமக்குச் செலவு ஒன்றுமில்லை. கங்காணி இன்றைக்கு ஜீப் ஓட்டுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அவரும் பாவம், டீசலுக்கும் தவணைக்கும் ஓடுகிறவர். அவரைக் கொடியவராக்கிவிட்டால் அமைச்சகம் தப்பித்துக்கொள்ளும்.

நாளைக் காலையிலும் நாளிதழில் பெரியாறு அணையின் நீர்மட்டம் அடிக்கணக்கில் வரும். போடி ஏலத்தின் சராசரி விலை ரூபாய்க்கணக்கில் வரும். மேலே போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் அத்தனை பேரும் இறங்கிவந்தார்களா என்ற மூன்றாவது வரி வரும்வரை, அந்த அமைச்சகத்தின் பெயரிலுள்ள தொழிலாளர் என்ற சொல்லை நான் நம்பப்போவதில்லை.