நொஸ்ஃபெராட்டுவும் வெர்ஷன் நம்பர் இல்லாத பக் ரிப்போர்ட்டும்

"பயமே வரல மச்சி, செம காமெடி." முர்னாவ் 1922-ல எடுத்த 'நொஸ்ஃபெராட்டு' பத்தி நம்ம மக்கள் சொல்றதுல முக்கால்வாசி இதான். மிச்சம் கால்வாசி "உலக சினிமா, காவியம்". அவங்ககிட்ட அப்புறம் வர்றேன்.

ஆபீஸ்ல எனக்கு வர்ற பக் ரிப்போர்ட் மாதிரியே இருக்கு. "அப்ளிகேஷன் வேலை செய்யல", அவ்வளவுதான். எந்த வெர்ஷன், எந்த மெஷின், ஒண்ணும் கெடையாது. வெச்சுட்டு என்ன பண்றது?

உதாரணத்துக்கு ரொம்பப் பிரபலமான நக்கல்: "ரத்தக் காட்டேரி பட்டப்பகல்ல சவப்பெட்டிய கக்கத்துல இடுக்கிட்டு தெருவுல நடக்குது, லாஜிக் எங்க?" ஐயா, அது ராத்திரி! அன்னிக்கு இருந்த ஃபிலிம்ல ராத்திரி வெளிப்புறக் காட்சி எடுக்கிறது பெரும்பாடு. அதனால பகல்ல எடுத்து, பிரிண்ட்டுக்கு நீலச் சாயம் ஏத்துவாங்க. நீலம்னா ராத்திரின்னு அன்னிக்குப் பாத்தவனுக்குத் தெரியும். நீங்க பாத்தது சாயம் போன கருப்பு வெள்ளைக் காப்பி. படத்துல இருந்து ராத்திரிய உருவி எடுத்துட்டு, பயமா இல்லையேன்னு கேட்டா எப்படி?

"எல்லாரும் குடுகுடுன்னு ஓடறாங்க"ங்கறதும் அப்படித்தான். வினாடிக்கு 18 ஃபிரேம்ல 94 நிமிஷம் ஓட வேண்டிய படத்த 24-ல ஓட்டினா எழுபது சொச்சத்துல முடிஞ்சுடும். அந்த வேகத்துல ஓட்டினா எந்த நடிகனும் கோமாளிதான். (காட்டுல குதிரை வண்டி கிடுகிடுன்னு போறது மட்டும் முர்னாவ் வேணும்னே செஞ்சது. அங்க சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோங்க, எனக்கும் வந்துச்சு. ஹட்டரா வர்றவரோட ஓவர் ஆக்டிங்குக்கும் நான் வக்கீல் இல்ல.)

காப்பிங்க ஏன் இந்த கதிக்கு ஆச்சு? ப்ராம் ஸ்டோக்கரோட 'டிராகுலா'வ அனுமதி வாங்காமச் சுட்டு, பேர மட்டும் மாத்தி எடுத்த படம் இது. ஸ்டோக்கரோட மனைவி கேஸ் போட, பிரிண்ட்டையெல்லாம் அழிக்கச் சொல்லி 1925-ல ஜெர்மன் கோர்ட் உத்தரவே போட்டுச்சு. தப்பிச்சு வெளிநாட்டுல கெடந்த காப்பிகள்லேருந்துதான் படம் இன்னிக்கு நம்ம கைக்கு வந்துருக்கு. 1922-ஆம் வருஷத்துச் சாயம் ஏத்துன பிரெஞ்சு பிரிண்ட் ஒண்ண வெச்சு 2006 வாக்குல நல்லாவே சீர் பண்ணிட்டாங்க. அதுல நீலம் இருக்கு. தேடிப் பாக்கத்தான் சோம்பேறித்தனம்.

"சூரிய வெளிச்சம் பட்டா செத்துடும், அதே பழைய க்ளிஷே" - இதக் கேட்டாத்தான் எனக்கு எரியும். 1897-ல வந்த ஸ்டோக்கர் நாவல்ல டிராகுலா பகல்லயே லண்டன்ல நடமாடுவான். வெளிச்சத்துல கரையற சமாச்சாரத்த சினிமாவுல ஆரம்பிச்சு வெச்சதே இந்தப் படம்தான். தாத்தாவப் பாத்து, பேரன் மாதிரியே இருக்கீங்களேன்னு கேக்கறீங்க!

இப்ப காவியம் பார்ட்டிங்க. எது காவியம்னு கேட்டா, சுவத்துல ஏறுற அந்த நிழல்னு சொல்றீங்க. போஸ்டர்ல நானும்தான் பாத்தேன். கப்பல் வருதே, மாலுமிங்க ஒவ்வொருத்தரா செத்து, கடைசியில கேப்டன் தன்னையே சுக்கான்ல கட்டிக்கிறாரே, அதப் பத்தி ஒரு வரியாவது எழுதினீங்களா? ஆளில்லாத கப்பல் துறைமுகத்துக்குள்ள நழுவி வருது, எலிங்க எறங்குது, ஊருக்குள்ள பிளேக். அப்புறம் எல்லன் ஜன்னல் வழியாப் பாக்குறா, தெரு நெடுக வரிசையா சவப்பெட்டி தூக்கிட்டு வர்றாங்க. ஸ்பானிஷ் ஃப்ளூ முடிஞ்சு ரெண்டு வருஷம்கூட சரியா ஆகாத ஜெர்மனியில, வீட்ல ஒரு ஆளப் பறிகொடுத்தவன் இதத் தியேட்டர்ல பாத்துருப்பான்.

அவன்கிட்ட போய் "பயமே வரல மச்சி"ன்னு சொல்லிப் பாருங்க.