பூப்போட்டுப் பார்க்க வேண்டுமா?

வாலிபர் ஒருவர் நமக்குக் கடிதமெழுதியிருக்கிறார். வட்டிக்கடையில் கணக்கெழுதுகிறவர். கடன் கேட்டு வரும் ஏழை எளியவர்களிடம் ஒன்றும் எழுதாத பத்திரத்தில் கைநாட்டு வாங்கி வைப்பதும் அவர் வேலையில் சேர்ந்தது. மனம் ஒப்பவில்லை, ஆனால் வீட்டில் தாயாரும் இரண்டு தங்கைகளும் இருக்கிறார்கள். வேலையை விடலாமா என்று தாயார் கோயிலில் பூப்போட்டுப் பார்த்ததில், விடலாமென்று வெள்ளைப்பூ வந்ததாம். சோதிடரோ சனி விலகும்வரை அசையக் கூடாதென்கிறாராம். "எதை நம்புவது?" என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாமென்பதே நமது பதில். கைநாட்டு வைத்தவனுடைய நிலம் போகுமா நிற்குமா என்பது பூவுக்குத் தெரியுமா? சனிக்குத்தான் தெரியுமா? தெரிந்தவர், அந்தக் கணக்கை எழுதுகிற இவரல்லவா?

இத்தகைய நெருக்கடி வட்டிக்கடையில் மாத்திரம் வருவதல்ல. ஜோசப் ராட்பிளாட் என்பவர் 1908ல் போலந்து நாட்டில் பிறந்த விஞ்ஞானி. ஹிட்லர் அணுகுண்டு செய்துவிட்டால் என்ன கதி, அவனை அடக்கிவைக்க எதிர்த்தரப்பிலும் ஒன்று இருக்க வேண்டுமே என்று கருதி, 1944ல் அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் என்னுமிடத்தில் குண்டு செய்யும் வேலையில் சேர்ந்தார். அவ்வருஷக் கடைசியில், ஜெர்மனி அம்முயற்சியைக் கைவிட்டுவிட்டதென்று தெரியவந்தது. தாம் வந்த காரணம் போய்விட்டது. ஆகவே தாமும் போய்விட்டார். அதற்கு ராகுகாலம் பார்த்ததாகத் தெரியவில்லை!

சும்மா விட்டார்களா? ஒற்றன் என்று சந்தேகித்தார்கள். உண்மைக் காரணத்தைச் சக விஞ்ஞானிகளிடம் சொல்லக் கூடாது, போலந்தில் இருக்கும் மனைவியைப் பற்றிய கவலையால் போவதாகவே சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. அந்த அம்மையாரோ நாஜிகளின் கொடுமைக்குப் பலியானவர். மற்றவர்கள் ஏன் விலகவில்லை என்பதைப் பற்றி ராட்பிளாட்டே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பலருக்கு, செய்துபார்த்துவிட வேண்டுமென்ற ஆவல். சிலருக்கு, உத்தியோக எதிர்காலம் கெட்டுவிடுமே என்ற பயம். இந்த இரண்டாவது ஆசாமிகளை நாம் ஊர்தோறும் பார்க்கிறோம்; நம்மிலும் உண்டு.

பிறகு அவர் தம் கல்வியை வைத்தியத் துறைக்குத் திருப்பினார். 1995ல் அவருக்கும், அணு ஆயுதத்தை எதிர்த்து 1957 முதல் அவர் உழைத்துவந்த பக்வாஷ் மாநாட்டு ஸ்தாபனத்துக்கும் சமாதானத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசு வந்ததால் அவர் செய்தது சரி என்று நாம் சொல்லவில்லை. ஐம்பது வருஷம் வராமல்தானே இருந்தது! அப்போதும் சரியே.

நிற்க. வேலையை நாளைக்கே விட்டெறி என்று சொல்லுவது நமக்குச் சுலபம்; அடுப்பு எரிய வேண்டியது வாலிபர் வீட்டில். ராட்பிளாட்டுக்கும் திரும்பிப் போக லிவர்ப்பூல் சர்வகலாசாலை இருந்தது. ஆகவே, சம்பளம் குறைந்தாலும் வேறு வேலை தேடிக்கொள்ளட்டும். ஆனால் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்க முடியாதென்பதை முதலாளியிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அதனால் வேலை போனால், தாயாரையும் தங்கைகளையும் உட்காரவைத்து நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். கைநாட்டு வைத்தவர்களில் அவர்களுக்குத் தெரிந்த முகங்களும் இருக்கும். சோதிடருக்கென்று எடுத்துவைத்திருக்கும் பணம் இரண்டு நாள் அரிசிக்காகும்.