மேளம் அடித்து அழைத்தது யாரை, வாசலில் நிறுத்தியது யாரை?

பழைய தியேட்டர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கால மேனேஜர்களின் விளம்பர சாமர்த்தியத்தை மெச்சாமல் விடுவதில்லை. மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டித் தெருத்தெருவாக ஓட்டினார்கள், பிட் நோட்டீஸை வாரி இறைத்தார்கள், கதையைப் பாதியில் நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று அச்சடித்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வண்டிக்கு முன்னால் மேளம் அடித்துக்கொண்டு நடந்தவர் யார்? நள்ளிரவில் பசை வாளியோடு சுவர் சுவராகப் போனவர் யார்? அந்தக் கட்டுரைகளில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. நாம் கேட்போம்.

1905-ல் திருச்சி ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914-ல் ரகுபதி வெங்கையா மெட்ராஸில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். பிறகு மின்ட் தெருவில் அவருடைய கிரௌன் வந்தது. வடசென்னைக்கு சினிமா கொட்டகை வந்த வழி இது. அன்றைக்கு எழுத்து தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நோட்டீஸை மட்டும் நம்பினால் கொட்டகை நிறையாது. அதனால் முதலில் காதைப் பிடித்தார்கள். வாத்தியக்காரர்களும் மேளமும் முன்னால் போக, பின்னால் வண்டி போனது.

தோழர்களே, ஊருக்குச் செய்தி சொல்ல மேளம் அடிப்பது தமிழ்நாட்டில் யார் தலையில் கட்டப்பட்ட வேலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாவுச் சேதி, ஏலம், வரி பாக்கி எல்லாவற்றுக்கும் நம் ஆட்களைத்தான் தண்டோரா போடச் சொன்னார்கள். சினிமாவுக்கும் அதே பழக்கம்தான் கைகொடுத்தது. தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியதே 2022 ஆகஸ்டில்தான். சினிமாக்காரர்கள் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மைக் செட்டுக்கு மாறிவிட்டார்கள். சுயமரியாதை கருதி மாறவில்லை. குழாய் ஸ்பீக்கரின் சத்தம் அதிக தூரம் கேட்டது, அவ்வளவுதான்.

இருந்தாலும் அந்த மேளத்துக்கு ஒரு குணம் இருந்தது. அது ஊருக்கும் சேரிக்கும் ஒரே அழைப்பைத்தான் கொண்டுபோனது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, வாங்கும் சக்தி என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி வாதிட்டார். பெரிய விஷயம்தான். ஆனால் தரை, பெஞ்சு, சேர் என்று பிரித்த இடத்தில் சேருக்குக் காசு யாரிடம் இருந்தது? தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள் யார்? சாதி வாசலோடு நின்றுவிடவில்லை, டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் உள்ளே வந்தது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், சாலையோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் சேர்த்து எழுதியிருப்பது சும்மா இல்லை. கிணற்றில் நடந்தது கொட்டகை வாசலிலும் நடக்கக்கூடும் என்று தெரிந்துதான் எழுதினார்கள்.

நம் பகுதிக்கு வருவோம். துறைமுகம், எண்ணூர் லேலண்ட், திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப். என்று ஷிப்ட்டில் ஓடும் பூமி இது. இங்கே போஸ்டர் ஒட்டுகிறவருக்கு எந்த கேட்டிலிருந்து எத்தனை மணிக்கு ஆட்கள் வெளியே வருவார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். மீன் ஏலம் விடும் இடம், பஸ் திரும்பும் முனை, டீக்கடைக்கு எதிர்ச்சுவர் எல்லாம் அவர் கணக்கில் இருக்கும். மேனேஜர் போஸ்டர் கட்டைக் கொடுத்தார், சரி. எந்தச் சுவர் பேசும் என்ற அறிவு மைதா பசை காய்ச்சியவருடையது. (சுவர் இங்கே வெறும் சுவர் இல்லை. 2014-ல் பா. ரஞ்சித் 'மெட்ராஸ்' என்று ஒரு முழுப் படமே சுவரை வைத்து எடுத்தார்.) தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967-ல் தொடங்கி, ஆயிரம் பேர் உட்காரும் தியேட்டராக அரை நூற்றாண்டு ஓடி 2020-ல் மூடப்பட்டபோது பத்திரிகைகள் பழைய படங்களின் பட்டியலைப் போட்டன. அந்தப் படங்களை ஊருக்குச் சொன்ன கைகளைப் பற்றி நம் கண்ணில் ஒரு வரியும் படவில்லை.

இப்போது விளம்பரம் ஃபோனுக்குள் போய்விட்டது. ஆப்பில் பதிவு செய்தால் டிக்கெட்டுக்கு மேல் தனிக் கட்டணம் வேறு. 2007-ல் அரசு வகுத்த கட்டணப்படி மல்டிப்ளெக்ஸிலும் முன்வரிசையில் 10 ரூபாய் டிக்கெட் இருந்தது. அதை எந்த மேனேஜராவது தட்டி வைத்துச் சொன்னாரா? கேட்டால் கவுண்டரில் கிடைத்தது, கேட்காதவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. ஏழைகளால்தான் கொட்டகை நிறையும் என்றிருந்தபோது சேரி வரை வந்து மேளம் அடித்தவர்கள், அவர்கள் இல்லாமலே கணக்கு தேறும் என்றானதும் வாயை மூடிக்கொண்டார்கள். எதை விளம்பரப்படுத்துகிறார்கள் என்பதை விட எதை மறைக்கிறார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அழைப்பு போனவுடன் வாசலும் மாறியது. 2023 மார்ச் 30 அன்று கோயம்பேடு ரோகிணியில் 'பத்து தல' பார்க்கக் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை ஊழியர்கள் உள்ளே விடவில்லை. வீடியோ பரவிய பிறகு, யு/ஏ சான்றிதழ் படம், 12 வயதுக்குக் கீழ் குழந்தைகளை அனுமதிக்க முடியாது என்று தியேட்டர் தரப்பு விளக்கம் சொன்னது. யு/ஏ என்றால் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்றுதான் பொருள். குழந்தைகளோடு பெரியவர்கள் நின்றுகொண்டுதானே இருந்தார்கள்? அவர்கள் பிறகு உள்ளே போனது அங்கே ஒரு கேமரா இருந்ததால். கேமரா இல்லாத காட்சிகள் எத்தனை?

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் தெருக்களில் போஸ்டர் ஒட்டியவர்கள், பேனர் வரைந்தவர்கள், வண்டியில் மைக் பிடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. ஃபோனை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யுங்கள். என்ன கூலி, எந்த நேரம், உள்ளே உட்கார்ந்து படம் பார்க்க விட்டார்களா என்பதையும் கேளுங்கள். மற்றவர்கள் அடுத்த முறை படத்துக்குப் போகும்போது, இருப்பதிலேயே குறைந்த டிக்கெட் எது என்று கவுண்டரில் சத்தமாகக் கேளுங்கள், வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் கேட்கும்படி.